மூன்றாம் கோரின் கையில் சாவி

காவேரிப்பட்டணத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்
மாங்கூழ் ஆலை. ஆனி மாதம்.
லாரி லாரியாய்ப் பெங்களூரா வந்து இறங்குகிறது.
ஈக்கள் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

வால்வுகளின் சூட்டைக் கணக்குப் பார்க்கும் பெட்டி
மூன்று இரவாய்ச் செத்துப்போகிறது.
சாவதுகூடப் பரவாயில்லை.
ஒரு வார்த்தை சொல்லாமல் சாகிறது.

ஓசூரிலிருந்து பைக்கில் வந்தேன்,
முதுகுப் பையில் சீரியல் கேபிள், இரண்டு பன்.
நைட் ஷிப்டு நாகவேணி கேட்டாள்:
"எதுங்க கெட்டுப்போச்சு?"
"கெர்னல்."
சன்னலுக்கு வெளியே கைகாட்டினாள்.
ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது
பருப்பெடுக்கப் போகும் மாங்கொட்டை.
"அதையும் இங்க கெர்னல்னுதான் சொல்றாங்க.
ரெண்டு நாள் விட்டா புழு வெச்சிடும்."

இரவு ஒன்றேகாலுக்கு மறுபடி செத்தது.
திரை கருப்பு. கேபிளில் ஒரு எழுத்தும் இல்லை.
தொட்டுப் பார்த்தேன்.
விசிறி முழு வேகத்தில் இரைந்தது, தகடு சுட்டது.
செத்த உடம்பு இப்படிச் சுடாது.
உள்ளே யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு கோர் உள்ள பெட்டி.
மூன்றாவது திரைக்கு எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது,
தினமும் எழுதுகிற சாதாரணச் சங்கதி.
எழுதும்போது இன்னொருவர் நுழையாதிருக்கப் பூட்டிக்கொண்டு
சாவியைத் தன் கையில் வைத்திருக்கிறது.
அந்தக் கணம் பார்த்து முதல் கோர்
இல்லாத முகவரி ஒன்றில் கால் வைத்தது.
விழப்போவது தெரிந்ததும் விதிப்படி கத்தியது:
எல்லாரும் அப்படியே நில்லுங்கள்.
நின்றார்கள்.
மூன்றாவதும் நின்றது, பாதிச் சொல்லில், சாவியோடு.
பிறகு முதல் கோர் தன் சாவைச் சொல்லத்
திரையண்டை வந்தது. பூட்டியிருந்தது.
தானே நிறுத்திவைத்தவன் வந்து திறப்பான் என்று
நொடிக்குப் பல கோடி முறை
பூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

இதை எப்படியோ சொல்லி முடித்தேன்.
நாகவேணி சிரிக்கவில்லை.
"போன வருசம் குளிர்கிடங்குல அம்மோனியா கசிஞ்சுது.
திம்மராயன் எல்லாரையும் கேட்டுக்கு வெளியே துரத்திட்டாரு.
சைரன் ரூம் சாவி
துரத்தினவங்கள்ல ஒருத்தர் பாக்கெட்டுல.
நான் கண்ணாடிய உடைச்சேன்.
கண்ணாடிக் காசு எழுநூறு
சம்பளத்துல புடிச்சுட்டாங்க, இன்னும் கேட்டுட்டிருக்கேன்."

அந்த எழுநூறை நினைத்துக்கொண்டே எழுதினேன்.
சாகிறவன் முதலில்
யாரிடமும் சாவி கேட்கவேண்டாத இடத்தில் எழுதட்டும்:
மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தின் ஒரு மூலை.
அதன்பிறகு திரை. ஒருமுறை தட்டிப் பார்.
திறக்காவிட்டால் நிற்காதே,
எண்ணிப் பத்து மில்லி நொடி,
அப்புறம் உடை.
உடைத்தால் எழுத்து குழம்பும். குழம்பட்டும்.
இரண்டு பேர் ஒரே சமயம் சாகத் தொடங்கினால்
முதலில் வந்தவன் பேசட்டும்,
அடுத்தவன் வாய்மூடி நிற்கட்டும்.
சொல்லும்போதே மறுபடி தடுக்கி விழுந்தால்
திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காதே.

மூன்றே முக்காலுக்கு அது செத்தது.
இரண்டாவது பன் பாதி வாயில்.
கேபிள் வழியே வந்தது:

வால்வு ஆறு, எண்பத்

அதே வரியில், இடைவெளிகூட இல்லாமல்,
முதல் கோரின் குரல்:
வெப்பமானி டிரைவர், நாற்பத்தேழாம் வரி, முகவரி சுழியம்.
அதற்குக் கீழே அது வந்த வழியெல்லாம், படிப்படியாக.

நான் நாற்பத்தேழாம் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நாகவேணி என் தோளுக்கு மேலாக
அந்தப் பாதிச் சொல்லைப் படித்தாள்.
"எண்பத்திரண்டா, எண்பத்தொன்பதா?"
"தெரியாது. இனி யாருக்கும் தெரியாது."

டார்ச்சை எடுத்துக்கொண்டு
ஆறாம் வால்வைப் பார்க்கப் போய்விட்டாள்.